வரிசை மாறிய கற்கள்

போன வருடம் ஒரு மத்தியான நேரத்தில் எனக்கு வந்த தொலைபேசி அழைப்பை நான் எடுத்திருக்கக் கூடாது. நான் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நிலவியல் ஆய்வு நிலையத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். நிலையத்தின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்களாம். மலாக்கா கிளையின் பழைய விஷயம் தெரிந்தவர்கள் யாரும் கிடைக்கவில்லையாம். "ஆண்ட்டி, ஒரு நாள் ஸ்டோருக்கு வந்து ட்ராஃப்ட் பாத்துட்டுப் போனா போதும் லா," என்றாள்.

எனக்கு அந்த நிலையத்தின் மேல் எந்தப் பிரியமும் கிடையாது. ஓய்வு பெறும் நாளன்று கொடுத்த நினைவுத் தட்டைக்கூட நான் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் வைத்துவிட்டு ஏறிவிட்டேன். ஆனாலும் மறுநாள் போனேன். என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் போனேன். வேறு உயர்ந்த காரணம் எதுவும் இல்லை.

ஸ்டோர் என்ற கிடங்கு புக்கிட் ரம்பாய் தொழிற்பேட்டையில், ஒரு நாற்காலி தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கிறது. தகரக் கூரை. உள்ளே வரிசை வரிசையாக இரும்புத் தட்டுகள், அவற்றில் மரப்பெட்டிகள், பெட்டிகளில் கல். துளை போடும் இயந்திரம் பூமிக்குள் இறங்கும்போது நடுவில் இருக்கும் பாறையை உருளை உருளையாக முழுசாக எடுத்துக்கொண்டு வரும். அதைக் கோர் என்போம். மேலிருந்து கீழ்வரை எந்த ஆழத்தில் எடுத்ததோ அந்த வரிசையிலேயே பெட்டியில் அடுக்கி, நடுநடுவே ஆழம் எழுதிய மரக்கட்டைத் துண்டுகளை வைப்போம். அந்தப் பெட்டிகளைக் கணக்குப் பார்த்து வாங்குவதும், தூசி தட்டுவதும், கேட்டவருக்கு எடுத்துக் கொடுப்பதும்தான் என் வேலை. சேர்ந்த அன்றைக்கும் கிளார்க், விலகிய அன்றைக்கும் அதே கிளார்க்.

தொலைபேசியில் பேசிய பெண்தான் இப்போது ஸ்டோருக்குப் பொறுப்பான நிலவியலாளர். முப்பது வயதுகூட ஆகாது. டவுனை ஒட்டிய பாயா ரும்புட்டில் வளர்ந்தவள். அப்பாவுக்குக் கடை. தோட்டம் என்றால் செம்பனை நிற்கும் இடம் என்பதற்கு மேல் அவளுக்குத் தெரியாது. எனக்கு நாற்காலி போட்டு, குடிக்க ஐஸ் மைலோ வாங்கி வைத்து, அச்சுக்குப் போகாத தாள்களை முன்னால் வைத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன்.

முதலில் வாழ்த்துரைகளே பதினோரு பக்கம். பிறகு வெள்ளைக்காரன் காலம். ஈயம் தேடி வந்த துரைமார்கள், கூடாரம், தொப்பி, கையில் சுத்தியல். அவர்களுக்குப் பின்னால் கூடை தூக்கி நிற்கிறவர்களின் முகம் பாதி வெட்டுப்பட்டிருந்தது. பிறகு சுதந்திரம், புதுக் கட்டடம், வரைபடங்கள், தண்ணீர்த் தேடல். மலாக்கா கிளை பாதிக்குமேல் போன பிறகுதான் வந்தது. அதில் கிளையின் முன்னாள் தலைவரைப் பற்றி இரண்டு பக்கம். ஒவ்வொரு கோரையும் துளை போட்ட இடத்திலேயே உட்கார்ந்து, கண்ணால் பார்த்து, கையால் பதிவு செய்யும் ஒழுங்கை இந்த மாநிலத்தில் கொண்டுவந்த முன்னோடி அவர் என்று எழுதியிருந்தது.

மூன்று பக்கம் தள்ளி அந்த வரி இருந்தது. செலண்டார் பக்கம் ஒரு தோட்டத்தில் குடிநீர்க் கிணறு தோல்வியடைந்ததற்கு, "கீழ்நிலைக் கிடங்கு ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால்" கோர் பெட்டிகள் வரிசை மாறியது காரணம் என்று.

பெயர் போடவில்லை. போடவும் வேண்டாம். அந்தக் கிடங்கில் அப்போது கீழ்நிலை ஊழியர் நான் ஒருத்திதான்.

"இத எழுதுனது யாரு?" என்று கேட்டேன்.

"அவர்தான் ஆண்ட்டி. அந்தப் பழைய ஹெட். மலாக்கா சாப்டர் முழுக்க அவர்தான் எழுதிக் கொடுத்தாரு."

நான் மைலோவைத் தள்ளி வைத்தேன்.

அந்தத் தோட்டம் நான் பிறந்த தோட்டம். என் அப்பாவும் அம்மாவும் அங்கே ரப்பர் மரத்தில் பால் வெட்டினார்கள். நான் இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்து அரசாங்க வேலைக்குப் போன முதல் பெண் என்று தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்தில் எல்லாருக்கும் பெருமை. வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம், எங்கள் லயத்துக்குத் தண்ணீர்ப் பிரச்சினை முற்றியது. குழாயில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் தண்ணீர் வரும். அதுவும் செம்மண் நிறத்தில். கோயில் கமிட்டியும் தொழிற்சங்கமும் அலைந்து திரிந்து, நிலையம் வந்து முதலில் ஒரு சோதனைத் துளை போட்டுப் பாறையைப் பார்ப்பது, பிறகு அந்தப் பதிவை வைத்துப் பக்கத்திலேயே கிணறு இறக்குவது என்று முடிவானது. என் அண்ணன்தான் அப்போது கமிட்டியில் முன்னே நின்றவர்.

சோதனைத் துளை போட்டு முடித்ததும் பெட்டிகளை எண்ணி வாங்கிவர என்னை லாரியில் அனுப்பினார்கள். பன்னிரண்டு பெட்டி. பெட்டிகளோடு திரும்பும்போது முன் சீட்டில் கிளைத் தலைவர், நடுவில் டிரைவர் கியர் போடும் இடத்தை ஒட்டி நான். அவருக்கு அப்போது நாற்பது இருக்கும். மடிப்புக் கலையாத சட்டை. அவரும் தமிழர்தான். ஆனால் டவுனில் மூன்று தலைமுறை. என்னோடு பேசும்போது மட்டும் வார்த்தைக்கு வார்த்தை ஆங்கிலம் போடுவார், எனக்குப் புரியக் கூடாது என்பதுபோல.

முதல் நாள் மழை பெய்திருந்தது. தோட்டத்து மண் சாலையில் வளைவு திரும்பும்போது லாரியின் பின்சக்கரம் வழுக்கிக் கால்வாயில் இறங்கியது. எங்களுக்கு அடி இல்லை. ஆனால் கட்டியிருந்த கயிறு அறுந்து ஏழு பெட்டிகள் சரிந்து, கல்லெல்லாம் சேற்றில் கொட்டிவிட்டது. ஆழம் எழுதிய கட்டைத் துண்டுகள் தண்ணீரில் மிதந்தன.

நான் இறங்கிப் பொறுக்க ஆரம்பித்தேன். உடைந்த உருளையின் ஒரு முனை, அதற்கு அடுத்த உருளையின் முனையோடு மட்டும்தான் பொருந்தும். கிண்ணம் உடைந்தால் துண்டுகள் பொருந்துகிற மாதிரி. நான்கைந்து துண்டு வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"சார், இது சேரல. இந்தக் கல்லு இதுக்குக் கீழ வர்றதில்ல."

"அடுக்கு."

"ஒவ்வொண்ணா பொருத்திப் பாத்தா சரியா வந்துரும் சார். ரெண்டு மணி நேரம்."

"உன்ன ஜியாலஜிஸ்டா எடுத்தாங்களா, கிளார்க்கா எடுத்தாங்களா? வெயில் ஏறுது. அடுக்கு."

அடுக்கினேன். இதை நான் மறைக்கப் போவதில்லை. பொருந்தாது என்று தெரிந்தே அடுக்கினேன். கட்டைத் துண்டுகளைக் கிடைத்த இடத்தில் சொருகினேன். எனக்கு இருபத்து இரண்டு வயது. அந்த வேலை போய்விட்டால் பால் வாளிதான். அந்தப் பயம் ஒன்றே அப்போது என் தலையில் இருந்தது.

ஸ்டோருக்கு வந்து இறக்கியதும் அவர் என்னைப் பார்த்து, "களைச்சிப் போயிருக்க. ரெண்டு நாள் லீவ் எடுத்துக்க," என்றார். அவர் வாயிலிருந்து வந்த ஒரே நல்ல வார்த்தை அது. நன்றி சொல்லிவிட்டுப் போனேன். அந்த இரண்டு நாள் எனக்கு எதற்குக் கிடைத்தது என்று புரிய முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

மூன்று மாதம் கழித்துக் கிணறு போட இயந்திரம் வந்தது. கோயிலுக்குப் பின்னால் பொங்கல் வைத்துப் பூசை போட்டு, லயமே கூடி நின்று பார்த்தது. தண்ணீர் தங்கும் வெடிப்புப் பாறை நூற்றிருபது அடியில் வரும் என்று பதிவு சொல்லியிருந்தது. நூற்றிருபதும் போனது. நூற்றறுபதும் போனது. வெள்ளைத் தூசி மட்டுமே குழாயிலிருந்து பறந்து வந்து, பொங்கல் பானை மேலும் பெண்கள் தலைமேலும் விழுந்தது. சாயங்காலம் இயந்திரத்தை நிறுத்தினார்கள்.

தலைமையகத்திலிருந்து விசாரணைக்கு ஒருவர் வந்தார். கோயில் முன்னாலேயே நாற்காலி போட்டு, கமிட்டிக்காரர்களை வைத்துக்கொண்டு பேச்சு நடந்தது. எங்கள் கிளைத் தலைவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"எங்க சைட்ல எல்லாம் ஒழுங்கா நடந்துச்சி. பெட்டிய மாத்தி அடுக்குனது ஸ்டோர் கிளார்க். இந்தத் தோட்டத்துப் பொண்ணுதான். கேட்டுப் பாருங்க."

வந்தவர் என்னிடம் கேட்டார். "நீ அடுக்கினாயா?"

"நாந்தான் அடுக்குனேன். சார் அடுக்கச் சொன்னாரு."

"எனக்கு அப்பிடி ஞாபகம் இல்ல," என்றார் தலைவர்.

அவ்வளவுதான். என் கோப்பில் ஒரு கடிதம் ஏறியது. அதற்குப் பிறகு எத்தனை முறை பதவி உயர்வுக்கு மனு போட்டாலும் அந்தக் கடிதம் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். அவர் கோலாலம்பூர் போனார், மேலே மேலே போனார். லயத்தில் என்னைக் கல்லுக்காரி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். தண்ணீர் லாரி வரும் நாளில் வாளி வரிசையில் நின்ற பெண்கள், என் அம்மா காதில் விழுவது மாதிரி, "நம்ம வயித்துல பொறந்ததே நம்ம வாயில மண்ணப் போட்டுருச்சி," என்றார்கள். அண்ணன் என்னோடு பேச்சை நிறுத்தினார். ஒவ்வொரு குடும்பமாகத் தோட்டத்தை விட்டுப் போனது. தண்ணீர் மட்டும் காரணம் இல்லை. ஆனால் போகிறவர்கள் எல்லாரும் தண்ணீரைத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இதையெல்லாம் அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அனுதாபம் வேண்டிச் சொல்லவில்லை. அவள் முகத்தில் அது தெரிந்தால் எழுந்து போய்விடலாம் என்று இருந்தேன். அவள் அனுதாபம் எதுவும் காட்டவில்லை. தாள்களை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆண்ட்டி, ஒண்ணு கேக்கறேன். இந்தப் பக்கத்துல, எல்லாக் கோரையும் தோட்டத்துலயே உக்காந்து பாத்து எழுதுவாருன்னு இருக்கு. அப்ப லாரி கவுறதுக்கு முன்னாடியே அவரு எழுதி முடிச்சிருக்கணும்ல?"

"ஆமா."

"அப்ப நீங்க பெட்டிய எப்படி மாத்தி அடுக்கினாலும் அந்தப் பதிவுல தப்பு வராது லா. பதிவு தப்புன்னா, நீங்க அடுக்குனதுக்கு அப்பறம்தான் பாத்து எழுதியிருக்காரு. ரெண்டும் எப்படி உண்மையா இருக்கும்?"

முப்பது வருடத்துக்கு மேல் இந்தக் கதையை நான் படுத்துக்கொண்டும் நடந்துகொண்டும் எனக்குள்ளே சொல்லியிருக்கிறேன். இந்த ஒரு கேள்வி எனக்கு வரவில்லை. விசாரணைக்கு வந்தவருக்கும் வரவில்லை, அல்லது வரவிட விருப்பமில்லை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. என் மேலேயே கோபம்தான் வந்தது.

பெட்டிகள் அங்கேயே, கடைசி வரிசையின் அடித்தட்டில் இருந்தன. அடுத்த நான்கு நாள் நான் அங்கே போனேன். இரண்டு பேரும் தரையில் சாக்கு விரித்து, அந்த ஏழு பெட்டிக் கல்லையும் கொட்டி, முனையோடு முனை பொருத்தினோம். அவள் தப்பாக வைத்தால் கையிலிருந்து பிடுங்கினேன். "கொஞ்சம் மெதுவா ஆண்ட்டி, நானும் படிச்சிட்டுத்தான் வந்திருக்கேன்," என்றாள் ஒரு முறை. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நான்காம் நாள் வரிசை வந்தது. வெடிப்புப் பாறை நூற்றிருபதில் இல்லை. இருநூறு அடியில் இருந்தது. பழைய பதிவை எடுத்துப் பார்த்தால், நான் சேற்றில் தப்பாக அடுக்கிய அதே வரிசை அப்படியே அதில் இருந்தது. "களத்தில் பதிவு செய்யப்பட்டது" என்று போட்டு, கீழே அவர் கையெழுத்து. எனக்கு லீவு கொடுத்த அந்த இரண்டு நாளில் ஸ்டோரிலேயே உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

அவரை ஸ்டோருக்கு வரவழைத்தது அவள்தான். புத்தகத்துக்குப் படம் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள்போல. பூப்போட்ட அடர்நீலப் பாத்திக் சட்டை போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். தலை முழுக்க நரைத்திருந்தாலும் நடை மாறவில்லை. என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"அட, நீயா. நல்லாருக்கியா? பிள்ளைங்க எத்தன?"

"அந்தக் கல்லப் பாருங்க சார்," என்றேன்.

சாக்கில் நீளமாகக் கிடந்த கற்களைக் குனிந்து பார்த்தார். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கடைசிவரை நடந்தார். திரும்பி வந்தபோதும் சிரிப்பு இருந்தது.

"நீ தப்பா அடுக்குனத நீயே கண்டுபிடிச்சிட்ட. நான் எழுதுனதத்தான நீயும் நிரூபிச்சிருக்க."

"நான் அடுக்குனது தப்புதான். அத அன்னிக்கே சொன்னேன். நீங்க எப்ப பாத்து எழுதுனீங்க?"

"சைட்லதான்."

"அப்ப உங்க பதிவு ஏன் தப்பா இருக்கு?"

அவர் அந்தப் பெண் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அவள் தமிழிலேயே பதில் சொன்னாள். "அங்கிள், ஆண்ட்டி கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. எனக்கும் அதே கேள்விதான்."

நாற்காலி தொழிற்சாலையில் ரம்பம் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். துளை போட்ட நாட்களில் அவர் எங்கே இருந்தார் என்று நாங்கள் கேட்கவே இல்லை. அவராகவே ஆரம்பித்தார். அப்போது ஆள் பற்றாக்குறை, ஒரே ஆள் மூன்று இடம் பார்க்க வேண்டும், இன்றைக்கு வந்தவர்களுக்கு அதெல்லாம் தெரியாது என்று. பேசப் பேசக் குரல் ஏறியது.

"நேத்து வந்த பொண்ணு நீ. நான் இந்த டிபார்ட்மெண்ட்ட கட்டி வளத்தவன். ஒரு கிளார்க் பேச்சக் கேட்டுக்கிட்டு என்னய நிக்க வச்சிக் கேள்வி கேக்கறியா?" பிறகு என்னைப் பார்த்து, "எஸ்டேட் புத்தி போவாது உங்களுக்கு. எவ்வளவு வருஷம் ஆனாலும் வச்சிக்கிட்டே இருப்பீங்க," என்றார்.

"வச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றேன். "நீங்களும் வச்சிக்கிட்டுத்தான எழுதியிருக்கீங்க. இல்லன்னா அந்த வரி எதுக்கு?"

அவர் காருக்குப் போனார். போகும்போது ஒரு கல்லில் கால் இடறியது. நான் போய் அதை நேராக வைத்தேன். அவர் விழுந்திருந்தால் எனக்கு வருத்தமாக இருந்திருக்காது.

புத்தகம் ஐந்து மாதம் கழித்து வந்தது. மலாக்காவில் ஒரு ஹோட்டலில் வெளியீடு. அந்தப் பெண் எனக்கு ஓர் அழைப்பிதழ் அனுப்பியிருந்தாள். போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து பக்கத்தைத் தேடினேன். என்னைப் பற்றிய வரி இல்லை. அவர் ஒழுங்கைக் கொண்டுவந்த முன்னோடி என்ற வரியும் இல்லை. செலண்டாரே இல்லை. அப்படி ஒரு துளை போட்டதாகவோ, கிணறு வறண்டதாகவோ, அந்தத் தோட்டம் இருந்ததாகவோ புத்தகத்தில் ஒரு எழுத்து கிடையாது. அவருடைய படம் மட்டும் முழுப் பக்கத்துக்கு இருந்தது.

"மேல ஒத்துக்கல ஆண்ட்டி," என்றாள் அவள், சாப்பாட்டு மேசைப் பக்கம் வந்து. "சர்ச்சை வேணாம்னுட்டாங்க. ஆனா புதுப் பதிவ ஃபைல்ல ஏத்திட்டேன். சரிபார்த்தவர்னு உங்க பேரும் இருக்கு."

அவள் செய்ய முடிந்ததைச் செய்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என்னால் நல்ல முகம் காட்ட முடியவில்லை. "ஃபைல யாரு படிப்பா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவளுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். நன்றி என்று மட்டும். அதற்கு மேல் எழுத வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை செலண்டாருக்குப் பேருந்து ஏறினேன். அண்ணன் இப்போது டவுனுக்குப் பக்கத்தில் மலிவு விலை வீட்டில் இருக்கிறார். நல்லது கெட்டதுக்குத் தவிர நான் அங்கே போவதில்லை. வாசலில் என்னைப் பார்த்ததும் அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைக்கக்கூட இல்லை. அண்ணி நாற்காலி இழுத்துப் போட்டார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். லீவு கொடுத்தது, கையெழுத்து, ட்ராஃப்டின் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பொய்யாக்கியது.

அண்ணன் கேட்டு முடித்துவிட்டு, "நீ அடுக்குனியா இல்லயா?" என்றார்.

"அடுக்குனேன்."

"அப்பறம் என்னா?"

நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வெளிக் கேட்டுக்குப் போகும்முன் அவர் குரல் வந்தது.

"எத்தன அடியில இருந்துச்சின்னு சொன்ன?"

"எரநூறு. நூத்தறுவதுல நிறுத்திட்டாங்க. இன்னும் நாப்பது அடி."

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். அண்ணி அடுப்படிக்குள் போய்விட்டார்.

"அன்னிக்கி அந்த மிஷின்காரச் சீனன் கேட்டான்," என்றார் அண்ணன். "லாகி சிக்கிட், லாகி சிக்கிட்னான். இன்னும் கொஞ்சம் போவலாம்னு. உங்க ஆபீசர் ஒண்ணும் சொல்லல, எங்க மூஞ்சியப் பாத்தாரு. பொங்கப் பானையில தூசி விழுதுன்னு பொம்பளைங்க கத்துறாங்க. நாந்தான் போதும் நிறுத்துன்னேன்."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. இத்தனை வருடம் லயத்துப் பெண்கள் என்னைப் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டு, இதை வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார். கல்யாண வீடுகளில் என்னைக் கண்டதும் எழுந்து வேறு மேசைக்குப் போனவர். அம்மா செத்தபோது சாம்பல் கரைக்க என்னைப் படகில் ஏற்றாதவர்.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ண்ணே," என்றேன்.

"நீ மட்டும் சொன்னியா? சேராதுன்னு தெரிஞ்சிதான அடுக்குன."

அண்ணன் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார். நான் கேட்டைச் சாத்திவிட்டுச் சாலைக்கு வந்தேன். பேருந்து வர முக்கால் மணி நேரம் ஆனது. இப்போதும் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. ஆனால் போன மாதம் ஒரு கல்யாணத்தில் நான் உட்கார்ந்திருந்த மேசைக்கு வந்தவர், என்னைப் பார்த்த பிறகும் எழுந்து போகவில்லை. எதிரிலேயே உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் போனார்.